ஹவாயன் கிற்றார் வாங்கப்போகிற நண்பனுக்கு

அன்பின் மச்சான்,

கடிதமும், மடியில் வைத்து இரும்புப் பாரால் கம்பியில் வழுக்கி வாசிக்கிற மூன்று ஹவாயன் கிற்றார்களின் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது. புழுதியும் உப்புக்காற்றும் ஒன்றாக வீசுகிறது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரும்போது கிற்றாரையும் கையோடு கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நாட்கள் அதிகமில்லை, மூன்றில் எதை வாங்குவது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

சுப்ரோவை வாங்கு. அது சரிவராவிட்டால் பெண்டர் ஸ்ரிங்மாஸ்ரர். றிக்கன்பக்கரை ஆசைக்கு ஒருதரம் மடியில் வைத்து வாசித்துப் பார், ஆனால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவராதே.

றிக்கன்பக்கர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஜோர்ஜ் பீச்சம் வடிவமைத்து 1932இல் விற்பனைக்கு வந்த அவர்களின் அலுமினிய ‘பிறையிங் பான்’ கிற்றார் இல்லாவிட்டால் இன்றைய மின்கிற்றார் வம்சமே இல்லை. ஆனால் அலுமினியம் சூட்டுக்கு உருக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உடம்பு நீள, கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். குளிரூட்டிய அறையில் சேர்த்த சுருதி, கோயில் வீதியில் போட்ட மேடை விளக்குக்குக் கீழே காதில் குத்துமளவுக்கு விலகிவிடும். உன் படத்தில் இருப்பது 1935இல் தொடங்கிய பேக்லைற் வகை. பேக்லைற்றும் சூட்டுக்கு அசையும், அதோடு விழுந்தால் வெடிக்கும். கழுத்துப் பொருத்தையும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பின் திருகாணிகளைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பார்க்கவேண்டும். விற்பவர் ‘இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது’ என்று விலையை ஏற்றியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கம்பிகளைச் சுற்றி வளைந்திருக்கும் லாடக் காந்தத்தின் அகலத்தை அளக்கச் சொல். முந்தியவை 1½ அங்குலம், பிந்தியவை 1¼. படத்தைப் பார்த்தால் எனக்கு 1¼ போலத்தான் படுகிறது.

சுப்ரோ சிக்காகோவில் வால்கோ செய்தது. அதே ஆட்கள்தான் நாஷனல் பெயரிலும் செய்தார்கள். மர உடம்பு, அதன் மேல் முத்துச்சிப்பி போல மினுங்குகிற பிளாஸ்ரிக் உறை. அந்த உறை ஓரங்களில் சுருங்கிக் கிளம்பியிருந்தால் பயப்படாதே, சத்தத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. ஆனால் அது செலுலோயிட் வகை, இலகுவில் தீப்பிடிக்கும். ஈயம் பற்றவைக்கிற இரும்பை அதற்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. பூட்டிய பெட்டிக்குள் வெக்கையில் கிடந்தால் அதிலிருந்து வரும் ஆவி உலோகப் பாகங்களையும் தின்னும். சுருதி சேர்க்க முறுக்குகிற பிருடைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த மொடலில் கம்பிகள் பிக்கப்பின் உள்ளே புகுந்து போகின்றன. கம்பி மாற்ற ஒவ்வொன்றாகக் கோக்கவேண்டும், பொறுமை வேண்டும். சத்தம் தடிப்பானது, பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கக்கூடிய சத்தம்.

ஸ்ரிங்மாஸ்ரரில் ஒவ்வொரு கழுத்துக்கும் இரண்டு பிக்கப், இரைச்சல் ஒன்றையொன்று வெட்டும்படி இணைத்தவை. இரண்டையும் கலந்து தொனி எடுக்க ஒரு குமிழும் உண்டு. கம்பி நீளம் 22½, 24½, 26 அங்குலம் என்று மூன்று வகையாக வந்தது. கமகத்துக்கு 22½ஐவிட 24½ சுகம், ஏனென்றால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி கூட. ஆனால் நீ அனுப்பிய படத்தில் இரண்டு கழுத்து, பதினாறு கம்பி, நான்கு கால். கர்நாடக இசை வாசிக்க ஒரு கழுத்தே கூட. விமானத்தில் அந்தப் பாரத்தை ஏன் தூக்குவான்?

எதை வாங்கினாலும் மல்ரிமீற்றர் ஒன்றைக் கொண்டுபோ. கிற்றாரில் வயரைச் செருகி, சத்தக் குமிழை முழுக்கத் திறந்து, வயரின் மறுமுனைச் செருகியில் நுனிக்கும் அதன் உடம்புக்கும் இடையே மின்தடை எத்தனை ஓம் என்று பார். பெண்டரில் பொதுவாக 6 முதல் 8 கிலோஓம் காட்டும். பழைய பிக்கப்புகள் ஆளுக்கொரு விதம், அதனால் எண்ணைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். 250 அல்லது 500 கிலோஓமுக்குக் கிட்டக் காட்டினால் நீ அளப்பது குமிழை மட்டும்தான், பிக்கப்பின் சுருள் அறுந்துவிட்டது. பூச்சியம் என்றால் வயரிலோ செருகுவாயிலோ எங்கேயோ தொடுகிறது, அது சின்ன வேலை. சுருள் அறுந்ததை மட்டும் வாங்காதே. பெண்டரில் பொதுவாக 42 கேஜ் கம்பி, 0.063 மில்லிமீற்றர் தடிப்பு. இங்கே மோட்டார் சுற்றுகிற கடைகளில் அந்த மெல்லிய கம்பி கிடைக்காது, கிடைத்தாலும் அதைச் சுற்றப் பழகிய கை வேண்டும்.

ஓம் சரியாக இருந்தும் சத்தம் மெலிந்து கிடந்தால் காந்தம் களைத்திருக்கும். சின்னத் திருகாணி ஒன்றைக் கிட்டப் பிடித்தால் தெரிந்துவிடும். காந்தத்துக்கு மறுபடி ஏற்றலாம், அங்கேயே செய்வித்துக்கொண்டு வா.

அடுத்தது நட், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற வெட்டுள்ள துண்டு. சாதாரண கிற்றாரில் வெட்டுகளின் அடி ஒழுங்காக இருந்தால் போதும். இதில் கம்பிகளின் மேற்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும், அதனால் தடித்த கம்பிக்கு வெட்டு ஆழமாக இருக்கும். பாரை நட்டுக்குக் கிட்ட மெதுவாகக் கம்பிகளின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார். பாருக்கும் ஏதாவதொரு கம்பிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கம்பி கிறுகிறுக்கும். அதே சோதனையை, மற்ற முனையில் கம்பிகளைத் தாங்குகிற பிறிட்ஜுக்குக் கிட்டவும் செய். நட் பிழையென்றால் பரவாயில்லை, எலும்பிலோ பித்தளையிலோ இங்கே செய்விக்கலாம். நட்டில் மட்டமாகவும் பிறிட்ஜில் சரிவாகவும் இருந்தால் கழுத்து முறுகியிருக்கலாம், அதை விட்டுவிடு. கழுத்து கொஞ்சம் வளைந்திருப்பது வேறு கதை. பிறெட்டில், அதாவது கழுத்தில் ஸ்வர இடங்களைக் காட்டும் கோடுகளில், கம்பி படப்போவதில்லை, அவை கண்ணுக்கு மட்டும்தான்.

ஆனால் அந்தக் கோடுகள் பொய் சொல்லக்கூடாது. நட்டிலிருந்து 12ஆம் கோட்டுக்கும் அங்கிருந்து பிறிட்ஜுக்கும் தூரத்தை அள. 22½ அங்குலக் கிற்றாரில் இரண்டும் 11¼ ஆக வரவேண்டும். வராவிட்டால் யாரோ பிறிட்ஜைக் கழற்றித் தப்பான இடத்தில் பூட்டியிருக்கிறார்கள்.

வருடத்தை விற்பவரின் வாயிலிருந்து கேட்காதே. பின்பக்க மூடியைத் திறந்து குமிழின் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் பார். 304 என்று தொடங்கினால் குமிழைச் செய்தது ஸ்ராக்போல் கம்பனி, 137 என்றால் சீ.ரீ.எஸ். அதற்குப் பின்னால் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு இலக்கம், கடைசி இரண்டும் கிழமை. 304-5423 என்றால் 1954இன் 23ஆவது கிழமை. கிற்றார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, குமிழை மாற்றியிருந்தாலொழிய. பழைய ஈயப் பற்று மங்கியிருக்கும், புதிது மினுங்கும். பிருடைகளின் பிளாஸ்ரிக் பொத்தான்கள் நொறுங்குவது வழமை, பொத்தான் மட்டும் மாற்றலாம். மூன்று பிருடைகள் ஒரே தகட்டில் வரும் வகை என்றால், புதிது வாங்கமுன் தண்டுக்குத் தண்டு இடைத்தூரத்தை அளந்துகொள்.

கூடவே தருகிறார்கள் என்று நீ சொன்ன பழைய அம்ப்பை, அதாவது ஒலிபெருக்கியை, அங்கேயே விட்டுவிடு. அது 117 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 230, 50. வோல்ற்றைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் 50 ஹேர்ட்ஸில் அம்ப்பின் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் சூடேறும். அதைவிட மோசம், எர்த் இல்லாத இரட்டை வயரும் மின்வழியிலிருந்து அம்ப்பின் உலோகச் சட்டத்துக்குப் போட்ட கொண்டென்சரும். அது பழுதானால் சட்டம் முழுக்க மின்சாரம், சட்டத்திலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து பாருக்கு. உன் ஒரு கையில் இரும்புப் பார், மற்றக் கையில் உலோக விரல் நகம். இப்படி இரண்டு கையிலும் உலோகத்தோடுதான் நீ வாசிக்கப் போகிறாய். இங்கே ஒரு புது அம்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கம்பிக்கு வருகிறேன். 25½ அங்குலத்துக்கென்று விற்கிற கம்பிச் செற்றை 22½இல் அதே சுருதிக்கு மாட்டினால் இழுவிசை ஐந்தில் ஒன்றுக்கு மேல் குறையும், பார் கம்பியை அமுக்கிச் சுருதி தள்ளாடும். இரண்டு கட்டைக்கு நீ மேலிருந்து 016, 020, 026 சுற்று, 032, 042, 056 என்று (தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று கணக்கில்) போடு. இந்த ஒழுங்கில் மூன்றாவது கம்பி அந்தர காந்தாரம். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் இனிமை, தோடி வாசிக்கும்போது அது தானாக முழங்கிக் கழுத்தறுக்கும். அதை எடுத்துவிட்டு இன்னொரு 020 போட்டுப் பஞ்சமத்தில் வை. மேலிருந்து ச ப ப ச ப ச. சித்திரவீணையிலும் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு மூன்று கம்பி போடுகிறார்கள்தானே. பார் ⅞ அங்குல விட்டம், ஒருபக்கம் உருண்டை மூக்குள்ளது. கனமான பாரில் கார்வை நீளும், ஆனால் வேகமான பிருகாவுக்குக் கை பிந்தும். முதலில் அதையே பழகு.

பயணத்தில் கம்பிகளை முழுக்கத் தளர்த்தாதே, இரண்டு ஸ்வரம் இறக்கினால் போதும். பாரைக் கிற்றார்ப் பெட்டிக்குள் வைக்காதே, உருண்டு உறையை உடைக்கும். கைப்பையிலும் வேண்டாம், அந்த இரும்பைக் கண்டால் விமான நிலையத்தில் மறிப்பார்கள். பெரிய பெட்டியில் துணிக்குள் சுற்றி வை.

சுப்ரோக்காரரிடம் இந்தச் சனிக்கிழமை போவதென்றால், பின்மூடியைத் திறக்க விடுவாரா என்று முதலே கேட்டுக்கொள். விடாவிட்டால் போகாதே. விட்டால் குமிழின் எண், நட்டுக்கு நேரே பக்கவாட்டில் ஒரு படம், மீற்றர் காட்டிய எண் மூன்றையும் காசு கொடுக்கமுன் எனக்கு அனுப்பு. இரவென்றாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

உன் நண்பன்