ஹமில்டனில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே, வணக்கம்.

எங்கள் முதியோர் சங்கத்திலிருந்து 34 பேர் கனடாவின் ஹமில்டன் நகரிலுள்ள போர் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பெயரைப் போடவேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமலிருக்க மனம் விடுகுதில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அன்ட்ரூ மினார்ஸ்கி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது உங்களிடம்தான். உங்கள் பெற்றோரைப் போலவே அவருடைய தாய் தகப்பனும் போலந்திலிருந்து வந்தவர்கள் என்றீர்கள். 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர். பதினாறு வயதில் தகப்பனை இழந்து, உரோமத்தோல் கடையொன்றில் தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியவர். பிறகு இரண்டாம் உலகப் போரில் கனடிய விமானப் படையில் சேர்ந்து, லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முதுகுக் கூண்டில் துப்பாக்கிக்காரர் ஆனவர். வேலியடியில் நின்று நீங்கள் சொல்லச் சொல்ல, என் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

ஆனாலும் எனக்குத் தயக்கம் இருந்தது. ஊரில் போர்க்காலத்தில் பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்த சனத்தை, காசு கட்டிப் பொம்மர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாமா? சிலர் வரமாட்டோம் என்றே சொன்னார்கள். அதைக் கேட்டதும், இயந்திரம் ஓடாத நேரமாகப் பார்த்து எங்களுக்கு நாள் ஒதுக்கித் தந்த அருங்காட்சியகத் தொண்டர்களுக்கு என்ன சொல்வேன்! அந்த ஒன்றுக்காகவே உங்களைக் கும்பிடவேண்டும்.

வழிகாட்டிய பெரியவர் எங்களை நேரே விமானத்தின் வாலடிக்குக் கூட்டிப்போனார். மினார்ஸ்கியின் விமானத்துக்குரிய எழுத்துகளைத் தீட்டி, அவருடைய நினைவாக வைத்திருக்கும் லங்காஸ்டர் அது. உலகத்தில் இன்று பறக்கக்கூடியவை இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில். 1945இல் ரொறன்ரோ பக்கத்து மோல்ரனில் கட்டியது என்றதும், "நாங்கள் வந்து இறங்கின பியர்சன் எயார்போட் பக்கமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த இடமேதான்.

வாலிலுள்ள துப்பாக்கிக்காரரின் பின்கூண்டுக்குள் ஒரு ஆள் முழங்காலை மடக்கித்தான் இருக்கலாம். 1944 ஜூன் 12 இரவு, மினார்ஸ்கியின் விமானத்தில் அப்படி ஒரு கூண்டுக்குள் இருந்தவர் அவருடைய தோழர் பாட் பிரோஃபி. புறப்படமுன் புல்லில் கண்டெடுத்த நாலிலைக் குளோவர் ஒன்றை, அதிர்ஷ்டம் என்று மினார்ஸ்கி அவரிடம் கொடுத்திருந்தார். பிரான்சின் கம்பிரே ரயில் தளத்தைத் தாக்கப் போன வழியில் ஜெர்மன் விமானமொன்று சுட, இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றன. உடம்புப் பகுதியிலும் தீ. விமானி ஆர்ட் டி பிரெய்ன் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் பிரோஃபியின் கூண்டு இறுகிக் கிடக்கிறது. நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போய்க் கோடரியால் கொத்தினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். அசையவில்லை. போ, போ என்று பிரோஃபி கை காட்ட, முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே தவழ்ந்து, கதவடியில் நிமிர்ந்து நின்று, உடுப்பு எரிய எரிய ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பரசூட்டும் எரிந்திருந்தது. கீழே பிரெஞ்சுச் சனம் கண்டெடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 27.

பிரோஃபியோ, விமானம் தரையில் மோதியபோது தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். அந்தக் கடைசி நிமிடத்தைக் கண்ட ஒரே ஆள் அவர். அவர் வாய்திறந்து சொன்னதால்தான் 1946இல் மினார்ஸ்கிக்கு, வீரத்துக்கான அதியுயர் பதக்கமான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

இவ்வளவையும் தமிழில் சொன்ன இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் நன்றி. கூண்டு ஏன் திரும்பவில்லை என்று விளக்கத் தடுமாறினீர்கள். அப்போது, "எண்ணெய் அமுக்கத்தில திரும்பிறது பிள்ளை, இயந்திரம் நின்றால் அதுவும் நிற்கும்" என்று எடுத்துக்கொடுத்த எங்கள் பழைய மெக்கானிக் ஐயாவுக்கும் நன்றி. சக்கரநாற்காலிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிய பஸ் சாரதித் தம்பி, நீங்கள் மத்தியானம் சாப்பிடவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிக்கவேண்டும்.

வரமாட்டேன் என்று கடைசிவரை நின்ற அம்மா ஒருவர் பின்கூண்டின் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு வழிகாட்டியிடம், "அந்தப் பதக்கத்தை ஆர் வாங்கினது?" என்று கேட்டார். தாய் என்றார் அவர். அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். வழிகாட்டிய பெரியவரே, அந்த நேரத்தில் அடுத்த குழு காத்திருந்தும் நீங்கள் எங்களை அவசரப்படுத்தவில்லை. அதற்கும் நன்றி.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழு சார்பில்