பதில் வருவதற்குள் இறக்கை செத்துப் போச்சு

இந்திய வானத்துக்கு விதி எழுதும் சிவில் விமானத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் எங்கள் வாத்தியார் தன்னுடைய ட்ரைக்கைப் பழைய இரும்புக் கடையில் போட்டார். அலுமினியக் குழாய்களைத் தனியாகவும் இரும்பைத் தனியாகவும் எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். இறக்கைத் துணி வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வைக்கோல் போருக்கு மேல் விரித்துக் கட்டியிருக்கிறார். அந்த இறக்கைக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் பறக்கக் கற்றேன்.

ட்ரைக் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் விதிகளில் அது எஞ்சின் பொருத்திய ஹேங் கிளைடர். எங்களுக்கு அது மூன்று சக்கரம், பின்னால் ஒரு ரோடாக்ஸ் எஞ்சின், தலைக்கு மேல் ஒரு துணி இறக்கை. உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்புவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்குக் கிளப்பினால் ஏழரைக்குள் இறங்கிவிட வேண்டும். நூறு மீட்டர் மண் தரை போதும். நான் நூற்பாலையில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறவன். என் சம்பளத்துக்கு எட்டுகிற ஒரே வானூர்தி இதுதான்.

வாத்தியாருக்கு வயது 67. பார்வை மங்கத் தொடங்கியதும், பறப்பதை அவராகவே நிறுத்திக்கொண்டார். ட்ரைக்கை எனக்கே தருவதாகச் சொன்னார், விலையும் பேசி முடித்தோம். ஆனால் விற்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். 2022 ஜனவரியில் வெளிவந்த விதிகளின்படி, வாங்குகிறவரின் பின்னணியை உள்துறை அமைச்சகம் விசாரித்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். சரி, விசாரிக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. 2023 ஆடி மாதம் விண்ணப்பம் போட்டேன்.

முதல் விசாரணைக்கு வந்த காவலர் மரியாதையானவர். ட்ரைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆர்.சி. புக் எங்கேப்பா?" என்று கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் கொடுத்த படிவத்தில் இந்த ஊர்திக்குப் பொருந்துகிற ஒரு கட்டம்கூட இல்லை. ஏழு மாதம் கழித்து இன்னொருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே ஒரு வேலையாகிவிட்டது. ஓர் அலுவலகத்தில் "மேலே அனுப்பிவிட்டோம்" என்றார்கள். மேலே கேட்டால் "வரவில்லை" என்றார்கள். மில்லில் லீவு போட்டு நான் போன நாட்களை எண்ணி வைத்திருக்கிறேன்: 23.

இதற்கிடையில் ட்ரைக் ஷெட்டில் கிடந்தது. விற்பனை முடியாததால் நான் எடுத்துப் பறக்கவும் முடியாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். கிராங்க் பேரிங்கில் துரு பிடித்தது, சீல்கள் காய்ந்து வெடித்தன. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். மடித்து வைத்திருந்த இறக்கைக்குள் எலி புகுந்துவிட்டது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து விரித்து, தையலை இழுத்துச் சோதித்தோம். மூன்று இடத்தில் பிரிந்து வந்தது. "விடு கண்ணு, துணி செத்துப் போச்சு" என்றார் வாத்தியார். புது இறக்கையை வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவேன்?

என் விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மறுத்திருந்தால்கூட, ட்ரைக் நல்ல நிலையில் இருந்தபோதே வேறு யாருக்காவது கொடுக்க அவர் முயன்றிருப்பார்.

நான் கேட்பது இதைத்தான்: ஓரிருவர் பறக்கும் எளிய ஊர்திகளுக்கென்று தனியாக ஓர் எளிய விதி வேண்டும். அதில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இத்தனை நாளுக்குள் பதில் தருவோம் என்று நாள் குறிக்க வேண்டும்.

பாதுகாப்புக் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ்காரர்கள் இஸ்ரேல் எல்லையை பாராகிளைடரில் தாண்டிய படங்களை நானும் பார்த்தேன். டெல்லியில் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்னால் காவல்துறை போடும் தடை உத்தரவில் பாராகிளைடர், பாராமோட்டார், ஹேங் கிளைடர், மைக்ரோலைட் என்னும் எடை குறைந்த சிறு விமானம், வெப்பக்காற்று பலூன், ட்ரோன் எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. அந்த நாட்களில் தரையிலேயே இருக்கச் சொன்னால் இருக்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ட்ரோனுக்கு மட்டும் 2021-இல் நீங்களே வழிவிட்டீர்களே? 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. 500 கிலோ வரையுள்ள ட்ரோன்கள் அந்த விதிகளுக்குள் வந்தன. தடையில்லாத பகுதியான பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை என்றாயிற்று. நல்ல விதிகள் அவை, மனதாரப் பாராட்டுகிறேன். மனிதன் ஏறி உட்காராத ஊர்திமேல் வைத்த அந்த நம்பிக்கையில் பாதியையாவது, தன் உயிரையே பணயம் வைத்து அதில் உட்காருகிறவன்மேல் வைக்கக் கூடாதா?

அமெரிக்காவில் 1982-லேயே இதற்கு விதி எழுதிவிட்டார்கள். ஒரே இருக்கை, வெற்று எடை 254 பவுண்டு, அதாவது 115 கிலோவுக்கு உள்ளே, எரிபொருள் 5 கேலன். இவற்றுக்குள் இருந்தால் உரிமமும் பதிவும் வேண்டாம். பகலில் மட்டும், ஜன நெருக்கடி இல்லாத இடத்தில் பறக்க வேண்டும். பிரிட்டனில் உரிமம் கட்டாயம். ஆனால் 2014 முதல் 300 கிலோ வரையிலான ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகளுக்கு வான்தகுதிச் சான்று கேட்பதில்லை. பெங்களூரின் ராஜ்ஹம்ஸா நிறுவனத்தார் தயாரித்த எக்ஸ்-ஏர் என்ற சிறு விமானம் அந்த பிரிட்டனில் பறக்கிறது. நம் ஊர்க்காரர்கள் செய்த ஊர்தியை நம் ஊர்க்காரன் வாங்கிப் பறப்பது மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இங்கேயும் எழுத்தில் குறையில்லை. 2022 ஜூனில் தேசிய வான்விளையாட்டுக் கொள்கை வந்தது. எஞ்சின் பொருத்திய ஹேங் கிளைடர் அதிலும் இருக்கிறது. 2030-க்குள் உலகின் முன்னணி வான்விளையாட்டு நாடுகளில் ஒன்றாக வேண்டும் என்று அது சொல்கிறது. லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். அதைப் படித்த அன்று வாத்தியார் எனக்கு போன் செய்து பத்து நிமிடம் சந்தோஷமாகப் பேசினார். செட்டிநாட்டிலும் உளுந்தூர்பேட்டையிலும் கயத்தாறிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளங்கள் இருக்கின்றனவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றைத் திறந்துவிட்டால் எத்தனை பையன்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்.

அந்தப் பையன்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். பயிற்றுநர் ஆவதற்கு 50 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், இருவர் அமரும் ஊர்தியில் 10 மணி நேரம் சொல்லித்தந்த அனுபவமும் வேண்டும். நியாயமான அளவுதான், ஒரு மணி நேரம்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்தி கைமாறவே முடியாத இடத்தில் அந்த மணிநேரங்களை எதில் சேர்ப்பது? எங்கள் வட்டாரத்தில் வாத்தியாரிடம் கற்றவர்கள் ஒன்பது பேர். இன்று ஒருவரும் பறப்பதில்லை. இரண்டு பேர் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டு கல்யாணங்களில் படம் எடுக்கிறார்கள்.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டத்தை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதன் கீழ் விதிகளை எழுதும்போது எங்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். பின்னணி விசாரணையை எடுக்க வேண்டாம், அதற்கு 60 நாள் என்றோ 90 நாள் என்றோ நீங்களே ஒரு கணக்கு வையுங்கள். விசாரிக்க வருகிற காவலர் கையில் எங்கள் ஊர்திக்குப் பொருந்தும் படிவத்தைக் கொடுத்தனுப்புங்கள். முடியாது என்றால் முடியாது என்று காலத்தோடு எழுதிச் சொல்லுங்கள்.

வாத்தியார் எஞ்சினை மட்டும் இரும்புக் கடைக்குக் கொடுக்கவில்லை. பேரிங்கைக் கழற்றி, எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உடுமலைப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவன்