வயலில் இறங்கிய அன்று ஓடி வந்த எல்லோருக்கும்

அன்புள்ள உங்களுக்கு,

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இங்கிலாந்தின் வில்ட்ஷையரில் அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் என் கிளைடர் விமானத்தை இறக்கினேன். பக்கத்தில் தீயணைப்பு வண்டி நிற்கும் படம் வாட்ஸப்பில் சுற்றியதும் நம்மவர்கள் பலர் பதறிப்போய் அழைத்தீர்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். உங்களுக்காக இது.

முதல் நன்றி, அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்த அந்த அம்மாவுக்கு. சத்தமே இல்லாமல் ஒரு விமானம் மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? முகம் தெரியாத ஒருவனுக்காகப் பதறினார். நான் நலம் என்று தெரிந்த பிறகும் தீயணைப்பு வீரர்கள் முகத்தில் ஒரு துளி சலிப்பு இல்லை. அவர்களுக்கும் நன்றி.

“அப்போ அது அவசர இறக்கம் இல்லையா?” என்று கேட்டீர்கள். இல்லை. என் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. பெரும்பாலும் தெர்மல் என்கிற, மேலெழும் வெப்பக் காற்றில் சுற்றித்தான் உயரம் ஏறுவோம். ஹாம்ப்ஷையரின் லாஷம் விமானதளத்திலிருந்து கிளம்பியவன் நான். வழியில் மேகம் பரவி வெயிலை மூடியது, தெர்மல் நின்றுபோனது. தரையிலிருந்து 2000 அடி இருக்கும்போதே நல்ல வயல்கள் உள்ள பக்கம் திரும்பிவிட்டேன். 1500 அடியில் வயலை முடிவு செய்தாயிற்று. காற்று எந்தப் பக்கம், சரிவு உண்டா, மின்கம்பி போகிறதா, மாடு நிற்கிறதா, எல்லாம் பார்த்துத்தான். (மாடுகள் கிளைடரை நக்கியும் உரசியும் சேதப்படுத்திவிடும்.) அப்புறம் விமானதளத்தில் செய்வது போலவே ஒரு சுற்று, வேகமாகக் கீழிறங்க உதவும் இறக்கைத் தடுப்பான ஏர்பிரேக், தரை. இன்னொரு தெர்மல் கிடைக்காதா என்று தாழ்வாகத் தேடிக்கொண்டே இருந்து, வயல் பார்க்க உயரம் இல்லாமல் போனால்தான் அது ஆபத்து. இதை அலுக்காமல் சொல்லித் தந்த என் பயிற்றுநருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அடுத்து அந்த விவசாயி. கேட்காமல் அவர் நிலத்தில் இறங்கியவன் நான். கோதுமைத் தாள்கள் கிளைடரின் அடிவயிற்றைச் சரசரவென்று உரசி அடங்கியிருந்தன. கண்ணாடி மூடியைத் திறந்தால் வைக்கோல் வாசனை. டிராக்டரிலிருந்து இறங்கி வந்த பெரியவர் முதலில் கேட்டது, “அடி ஏதும் பட்டதா?” அப்புறம் டீ. கிளைடரைக் கழற்றி ஏற்றிப் போகும் ட்ரெய்லர் நுழைய எந்தக் கேட் அகலம் என்று தானே நடந்து போய்ப் பார்த்து, அங்கேயே இருட்டும்வரை காத்து நின்றார். அன்று அவருக்கு எத்தனை வேலை கிடந்ததோ!

கடைசியாக, ட்ரெய்லரை இழுத்து வந்த கிளப் நண்பருக்கும், துணைக்கு வந்த பேசிங்ஸ்டோக் அண்ணனுக்கும். அண்ணே, கிளைடரை நீங்கள் கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இறக்கையைப் பிணைத்திருக்கும் பின்னை (pin) நண்பர் உருவும்வரை இறக்கை முனையை ஆடாமல் தாங்கி நின்றீர்களே, அதை மறக்கவே மாட்டேன். அக்கா கொடுத்துவிட்ட பொடி இட்லியை நாங்கள் மூவரும் ட்ரெய்லர் மேல் வைத்தே சாப்பிட்டோம். டிபன் பாக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. ஞாயிறு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி