உன் கிட்டார் மேல் குற்றமில்லை

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, நேற்று பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட் போட வந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன். வழக்கம்போல பேஸ் கிட்டாரின் ஒயரை எடுத்துக்கொண்டு சவுண்ட் மிக்சர் பக்கம் போனேன். "அண்ணே, நேரா குத்தாதீங்க" என்று வாங்கி, என் காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்து அதில் சொருகினான். அங்கிருந்து மிக்சருக்கு மைக் கேபிள். டிஐ பாக்ஸ்தான், கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி. பெரிய மேடைகளில் பார்த்திருக்கிறோம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டோம்.

முதல் தட்டிலேயே கை நின்றுவிட்டது மாப்ளே. உங்கள் மொட்டை மாடியில் அந்தக் குட்டி ஆம்பில் கேட்போமே, கம்பியில் விரல் படும் ஓசை வரைக்கும், அது அப்படியே ஸ்பீக்கரில் வந்தது! மேடை ஏறினால் மட்டும் போர்வை போர்த்தினாற்போல மங்கிப்போகும் என்று எத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டோம்?

கச்சேரி முடிந்ததும் அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். பேட்டரி இல்லாத கிட்டாரில், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் என்பது மெல்லிய கம்பிச் சுருள். அதன் எதிர்ப்பே 8,000 ஓம் போல இருக்கும், மேல் ஸ்தாயி போகப் போக இன்னும் ஏறும். ஆம்பின் உள்வாயில் 10 லட்சம் ஓம், அதனால் பிக்கப்பிலிருந்து எதையும் இழுக்காது. மிக்சரின் லைன் ஜாக்கிலோ 10,000 ஓம் அளவுதான். அங்கே குத்தினால் சத்தம் பாதியாகிவிடும், அதிலும் மேல் ஓசைதான் முதலில் சாகும். போதாததற்கு நாம் இழுத்த 15 மீட்டர் ஒயர் தன் பங்குக்கு மிச்ச மேல் ஓசையையும் தின்னும். அந்தப் பெட்டி நடுவில் நின்றால் மிக்சர் பிக்கப்பை இழுக்க முடியாது. நாம் டிரெபிளை ஏற்றினோம், இரைச்சல்தான் ஏறியது.

பேஸ் கிட்டார் கலைஞர் ஜேமர்சன் 1960களில் டெட்ராய்ட்டில் ஆம்ப் இல்லாமல் நேராக ரெக்கார்டிங் டெஸ்க்கில் வாசித்தார் என்று நீ சொல்லிச் சொல்லித்தானே நாமும் நேராகக் குத்தினோம்? அங்கே நடுவில் அதற்கென்றே கட்டிய பெட்டி இருந்தது. கதையில் அந்தப் பெட்டியை மட்டும் நீ விட்டுவிட்டாய், பாவி.

மறுநாளே கடையில் மலிவாக ஒன்று வாங்கினேன், மின்சாரம் வேண்டாத பாசிவ் வகை. அது சரிப்படவில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சின்னது. ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸை அழுத்தி வாசித்தால் திணறிக் கரகரக்கிறது, ஐந்து கம்பிக் கிட்டாரின் 31 ஹெர்ட்ஸுக்குக் கேட்கவே வேண்டாம். நல்ல டிரான்ஸ்பார்மர் போட்ட பாசிவ் பெட்டி, பேட்டரி போட்ட கிட்டாருக்கு அருமையாக இருக்கும். பேட்டரி இல்லாத நம் கிட்டார்களுக்கு ஆக்டிவ் வகைதான், மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட்டில் ஓடும். பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பையனின் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச். ஜெனரேட்டர் மேடையில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வருமே, தட்டியதும் நின்றது. அதற்காக அன்றைக்கு நாம் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினோம். அக்கா மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்து மேடையிலேயே உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. இந்தச் சுவிட்ச் சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கிறது, கரண்ட் எர்த் அதன் இடத்தில் இருக்கும். உன் ஊர்ப் பையன்கள் யாராவது பின்னை வெட்டுவதைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்து.

இப்போது எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். உன் கிட்டாரைக் காட்டி "இந்தக் கட்டை தேறாது, வித்துடு" என்று உன்னிடம் சொன்னவன் நான். நீ விற்றாய், அப்புறம் வாசிப்பதையே விட்டாய். அந்தக் கட்டை மேல் ஒரு குற்றமும் இல்லை மாப்ளே. மாடியில் கேட்டதுதான் அதன் உண்மையான சத்தம். என்னை மன்னித்துவிடு.

வில்லியனூருக்குப் போய் விசாரித்தேன். வாங்கினவர் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. கழுத்து வளையவில்லை. கொடுத்த விலைக்கே தருகிறேன் என்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆடிப் பெருக்குக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, அதற்குள் பெட்டியும் வந்துவிடும். கம்பியை மாற்றவில்லை, நீ போட்ட அதே கம்பிகள்தான்.

என்றைக்கு வருகிறாய் என்று உடனே எழுது.

உன்,
திருப்பாப்புலியூரான்