ரூம் வாடகை வரம்பை முதலில் பார்

நியூ ஜெர்சி

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மருத்துவக் காப்பீட்டு பாலிசியை ஒரு வரி விடாமல் படித்தேன். அதற்கு முன், அமெரிக்காவில் வைத்தியச் செலவு எப்படி என்ற உன் கேள்விக்குப் பதில். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இருந்தால் எல்லாம் இலவசம் என்று வேளச்சேரியில் யார் கிளப்பிவிட்டார்களோ!

இங்கே மாதப் பிரீமியம் வாசல் டிக்கெட் மாதிரி. உள்ளே போனால் முதல் செலவு நம்முடையது, அதற்கு டிடக்டிபிள் என்று பெயர். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போடும் பட்டியல் விலை 40,000 டாலர். இன்சூரன்ஸ் கம்பெனி பேசி முடித்து வைத்திருக்கும் விலை 18,000. டிடக்டிபிள் 2,000 என்றால் அதை முதலில் நாம் கட்ட வேண்டும். மிச்சம் 16,000-இல் நம் பங்கு 20 சதவீதம், அதாவது 3,200. ஆக மொத்தம் 5,200 டாலர் நம் பாக்கெட்டிலிருந்து போகும். இப்படி நம் பாக்கெட்டிலிருந்து போவதற்கு அரசு வருடத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025-இல் தனி ஆளுக்கு அது 9,200 டாலராக இருந்தது. அதுவும் கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில், இருக்கும் டாக்டரிடம் போனால்தான். பிரீமியம் அந்தக் கணக்கில் சேராது.

அந்த 40,000-ஐ முழுசாக யாரும் கொடுப்பதாக நினைக்காதே. பேரம் தொடங்குவதற்கான விலை அது. இன்சூரன்ஸ் இல்லாதவனிடம்தான் அதைக் கேட்பார்கள்.

வேலை போனால் இன்சூரன்ஸும் போகுமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் போகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், இங்கே சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் பிடிக்க வேறு வழியில்லாமல் முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள். அதற்கு வரி கிடையாது என்று 1954-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். போர் முடிந்தும் அந்த முடிச்சை அவிழ்க்க ஆளில்லை.

இனி நம் வீட்டுக் கதை. பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். "மேலே ஆவதை நாமே கட்டிக்கலாம்" என்கிறாய். இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். 10,000 ரூபாய் ரூமில் மூன்று நாள் என்று வை. வாடகை 30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 2 லட்சம், மருந்து, இம்பிளான்ட் (உடம்புக்குள் பொருத்தும் சாதனம்) 70,000. பில் 3 லட்சம். வாடகையில் பாதிதான் தருவார்கள். அதே விகிதத்தில் அந்த 2 லட்சத்தையும் பாதியாக வெட்டுவார்கள். மருந்திலும் இம்பிளான்டிலும் இந்த வெட்டு கூடாது. கிடைப்பது 1,85,000. வாடகையில் கூடுதலாகப் போனது வெறும் 15,000 ரூபாய். கையைவிட்டுப் போவதோ 1,15,000! ஒரே ஆபரேஷனுக்கு ரூம் ரகத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி கட்டணம் ஏற்றுகிறதல்லவா, அதற்குக் கம்பெனியின் பதிலடி இது. ஆகையால் புதுப்பிக்கும்போது ரூம் வரம்பே இல்லாத பாலிசிக்கு மாற்று. பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்கள், அந்தக் காசை இதில் போடலாம். மாற்றும்போது போர்ட்டிங், அதாவது பழைய பாலிசியின் தொடர்ச்சியாகவே மாற்றுவது, என்று சொல்லியே மாற்று. புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் க்ளெய்ம் கிடைக்க இதுவரை காத்திருந்த வருடங்கள் வீண். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னதாகவே விண்ணப்பித்துவிடு.

வயசானவர்களுக்குப் பாலிசி ஏன் தரத் தயங்குகிறார்கள் என்று கோபப்பட்டாய். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இலேயே இதை எழுதினார். பிரீமியம் ஏற ஏற, நோய் வரும் என்று தெரிந்தவர்தான் வாங்குவார். திடமாக இருப்பவர் நழுவிவிடுவார். மிஞ்சியவர்களின் செலவு கூடும், பிரீமியம் இன்னும் ஏறும். 65 தாண்டியவர்களைத்தான் அவர் உதாரணமாகவே காட்டினார். நம் நாட்டில் பாலிசி வாங்க இருந்த 65 வயசு வரம்பை, காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் தளர்த்தியது. ஆனால் விலை குறைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே!

அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதை மறைக்காதே. ஏஜென்ட் "எழுத வேண்டாம் சார்" என்பார், கேட்காதே. எழுதினால் அந்த நோய்க்கு மட்டும் அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்பு. மறைத்தால் க்ளெய்ம் வரும்போது பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுத்து மறுப்பார்கள். 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால் மறைத்தாய் என்று சொல்லித் தள்ள முடியாது, ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் தள்ளலாம்.

அப்பாவுக்கு 70 ஆகிவிட்டதே, ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பித்து வை. அதற்கு வருமான வரம்பு கிடையாது.

அம்மாவின் மாத்திரைச் சீட்டு, போன வருடத்து எக்கோ ரிப்போர்ட், இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. போர்ட்டிங் படிவத்தில் என்ன எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா