ஓடை கலங்காமல் பாலம் கட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

புதுப் பாலத்தில் பேருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. மழை பிடித்தால் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போவதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அக்கரையில் காத்து நிற்பதும் இனி இல்லை. பாலம் கிடைத்ததற்கான நன்றியைத் திறப்பு விழாவிலேயே பலரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பழைய பாலத்தை உடைத்து, அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட் போட்ட அந்தக் கோடை முழுவதும், பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற நாங்கள் அதே ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தோம். அதில்தான் குளித்தோம், மாடு கன்றுக்கும் அதையே காட்டினோம். ஊராட்சியில் போய்த் தண்ணீர் லாரி கேட்க வேண்டிய நிலை வரவே இல்லை. அதற்காக யார் யார் பாடுபட்டார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால், ஊர் சார்பாக நான் எழுதுகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டத்தில் பொதிகை மலைச் சரிவிலிருந்து இறங்கி வருகிற ஓடை எங்களுடையது. அது கடனாநதியில் சேர்கிறது; கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. அங்கிருந்து கடல் வரைக்கும் ஆற்றுக்குள் எத்தனையோ கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் இருக்கின்றன. எங்கள் ஊர் உறைகிணறும் பாலத்துக்குக் கொஞ்சம் கீழேதான். ஓடை மணல்தான் அந்தக் கிணற்றுக்கு வடிகட்டி. நைசான வண்டல் இறங்கி மணல் இடுக்கை அடைத்துவிட்டால் ஊறுகிற தண்ணீர் குறைந்துபோகும். அப்புறம் மணலைத் தோண்டி அள்ளினால்தான் சரியாகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழை அது. அந்த வெள்ளத்தில்தான் எங்கள் தரைப்பாலத்தின் இரண்டு பக்கமும் அரித்துக்கொண்டு போனது. உயர்மட்டப் பாலம் வரப்போகிறது என்றதும் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. வேறோர் இடத்தில் நடந்த பால வேலையில், கலவை எந்திரத்தைக் கழுவிய தண்ணீர் நேரே ஓடையில் விழுந்து, அயிரையும் கெண்டையும் வயிறு மேலே தெரிய மிதந்ததை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஆகவே முதல் நன்றி நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் மேடத்துக்கு. கிராம சபையில் நாங்கள் எழுந்து பேசியபோது "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி உட்கார வைக்கவில்லை. வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தக்காரரையும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கே வந்தார். பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த பிறகு தொடங்குவது, தண்ணீருக்குள் இறங்கிச் செய்கிற வேலை அத்தனையையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் முடிப்பது என்று அங்கேயே முடிவானது. தூண்கள் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

அன்றைக்கு ஒத்துக்கொண்ட இன்னொரு விஷயம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. பாலத்துக்கு மேல்பக்கம் ஒரு பாட்டில், கீழ்ப்பக்கம் ஒரு பாட்டில் என்று தினமும் தண்ணீர் எடுப்போம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வேலை நடக்கட்டும். கீழ்ப்பாட்டில் மட்டும் கலங்கியிருந்தால், எங்கிருந்து கலங்குகிறது என்று கண்டுபிடித்து அடைக்கிற வரை வேலை நிற்கும். எழுத்தில் கொடுத்தார். ஒரு பொறியாளர் தன் வேலையை நிறுத்துகிற உரிமையை ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பது லேசான காரியம் இல்லை, மேடம். கெடு தேதி உங்கள் தலைமேல் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

பாட்டில் எடுத்தவர்களைச் சொல்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுத்தார்கள் அல்லவா, அந்த ஐவரில் நானும் ஒருத்தி. மற்ற நாலு அக்காமார்களும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் ஓடைக்கு வந்தார்கள். கலங்கலைப் பார்க்க அடியில் கறுப்புச் சிலுவை ஒட்டிய நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை அறிவியல் ஆசிரியர் செய்து கொடுத்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்து, எந்த உயரத்தில் சிலுவை மறைகிறது என்று குறித்துக்கொள்வோம். குடிநீரில் கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கிற அலகு அது) இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் குழாய் அவ்வளவு நுட்பமாக அளக்காது. ஆனால் மேலேயும் கீழேயும் உள்ள வித்தியாசத்தை அது காட்டிவிடும், எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மேல்பாட்டிலின் அருமை ஏப்ரலில் தெரிந்தது. மலையில் கோடை மழை அடித்து, விடிந்தபோது ஓடை செக்கச்செவேல் என்று ஓடியது. பால வேலைக்காரர்கள்தான் மண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நாலு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம், ஒரே சிவப்பு. எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஓடையைக் காக்க என்று எடுத்த அளவு, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதிலிருந்து அந்தத் தொழிலாளர்களையும் காத்தது. இதை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மழையை முந்தின மாலையே அலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னவர்கள் கடையம் வனச்சரகத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். மேலே இருண்டுகொண்டு வருகிறது என்று அவர்கள் சொன்னதால்தான் டீசல் பீப்பாய்களையும் பம்பையும் ஹிட்டாச்சியையும் மேட்டில் ஏற்ற நேரம் கிடைத்தது. தம்பிகளே, நன்றி.

இனி மேஸ்திரி அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். ஓடையை ஒரேயடியாக மறிக்காமல், ஒரு பாதியில் வேலை, மறு பாதியில் தண்ணீர் என்று பிரித்தது அவர் யோசனை. மறிப்பதற்குச் சிமெண்டு வந்த பழைய பிளாஸ்டிக் சாக்கில் செம்மண்ணை அடைத்து அடுக்குவதுதான் பொதுவாக நடக்கிறது. வெயிலில் அந்தச் சாக்கு நைந்து கிழிந்தால் மண் முழுக்கத் தண்ணீரில் போய்விடும். சாக்கில் ஒட்டியிருக்கிற சிமெண்டும் கூடவே கரையும். அண்ணன் சணல் சாக்குதான் வேண்டும் என்று நின்றார், உள்ளே கழுவிய ஜல்லி. சாக்கு கிழிந்தாலும் ஓடையில் கல்தான் விழும். ஊர்த் தையல்கார அண்ணாச்சி அத்தனை சாக்குக்கும் வாய் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பாறை தட்டுகிற வரை தோண்டிய குழியில் ஊறிய சேற்றுத் தண்ணீரை ஓடையில் விடாமல், பம்பு வைத்துக் கரைக்கு மேலே இறைத்தார்கள். அதற்குத் தன் வயலின் ஒரு மூலையைத் தந்தவர் ஓடைக்கரை வயல்கார மாமா. அங்கே குழி வெட்டி, சேறு அடியில் தங்கி, தெளிந்தது மட்டும் புல் வழியாகக் கசிந்து ஓடைக்கு வரும்படி வைத்தார்கள். அந்த மூலையில் அவருக்குக் கார் பருவ நடவு தப்பிப்போனது. "குடிக்கிற தண்ணீருக்காகத்தானே" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி பம்புக் குழாய் கழன்று சேறு ஓடைக்குள் ஓடிவிட்டது. நாங்கள் காலையில் பாட்டிலோடு போய்ச் சேரும் முன்பே வேலையை நிறுத்தி வைத்திருந்தார் மேஸ்திரி அண்ணன். யாரும் கேட்காமலே தானாகச் சொன்னார். குழாயை இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, ஓடை தெளிகிற வரை காத்திருந்துதான் மறுபடி தொடங்கினார்கள். கூலி நாள் போனது அவர்களுக்குத்தான்.

கான்கிரீட் விஷயம் தனி. சிமெண்டுத் தண்ணீர் எவ்வளவு பொல்லாதது என்பது பார்த்தால் தெரியாது. கலங்கல் அடங்கிவிட்டால் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கடுமையான காரம். தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற பி.எச். அளவு எங்கள் ஓடையில் 7க்கும் 8க்கும் நடுவில் நிற்கும். புதுக் கான்கிரீட்டைக் கழுவிய தண்ணீர் 12ஐத் தாண்டும். அளவுகோலில் ஒவ்வொரு எண் ஏறும்போதும் காரம் பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 7.5க்கும் 12.5க்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. 11ஐத் தொட்டாலே மீன் தாங்காது, செவுள் வெந்துவிடும். தண்ணீர் குறைவாக ஓடுகிற கோடையில் கொஞ்சம் கலந்தாலும் கெடுதல் அதிகம்.

அதனால் கரைக்கு மேலே, ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, தார்பாய் விரித்த கழுவுகுழி ஒன்றை வெட்டினார்கள். ரெடிமிக்ஸ் லாரியின் சரிவுத் தகடு, மண்வெட்டி, சட்டி, கரணை எல்லாவற்றையும் அங்கேதான் கழுவ வேண்டும். கட்டளை போடுவது சுலபம். நாள் முழுக்க வெயிலில் கான்கிரீட் சுமந்து, கை கால் எல்லாம் சிமெண்டு ஒட்டி, பக்கத்திலேயே சலசலவென்று தண்ணீர் ஓடும்போது அதில் இறங்காமல் மேடேறிப் போய்க் குழியில் கழுவுவது சுலபமில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த தம்பிகள் அதைத் தினமும் செய்தார்கள். இது அவர்கள் குடிக்கிற ஓடை இல்லை, வேலை முடிந்தால் போய்விடப் போகிறவர்கள். ஆனாலும் புதிதாக வந்த ஒரு பையன் சட்டியோடு தண்ணீரில் இறங்கப் போனபோது, எங்களுக்கு முன்னால் அவர்களே சத்தம் போட்டு மேலே வரச் சொன்னார்கள். தம்பிகளே, நீங்கள் இந்த மடலைப் படிக்க முடியாது என்பதால் மேஸ்திரி அண்ணனிடம் இந்தியில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். குழியில் தங்கிய தண்ணீர் வெயிலில் வற்றியது. அடியில் இறுகிப்போனதை உடைத்து, புதுச் சாலையின் ஓரத்துக்கு அடியில் நிரப்பிவிட்டார்கள்.

கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும்போது, அது பலகையில் ஒட்டாமல் இருக்கப் பழைய வண்டி எண்ணெயைத் தடவுவார்கள். அதைச் செய்யவே கூடாது என்று மேடம் சொன்னதும், ஒப்பந்தக்காரர் கூடுதல் காசு போட்டு அதற்கென்று விற்கிற எண்ணெயையே வாங்கினார். அவருக்கும் நன்றி. பழைய பாலத்தை உடைத்த ஹிட்டாச்சி ஓட்டுநர் அண்ணன் தண்ணீரில் துண்டு விழாமல், அடியில் கட்டிய தட்டியின் மேலேயே விழும்படி சின்னச் சின்னதாக உடைத்தார். அவசரப்பட்டிருந்தால் ஒரு நாளில் முடித்திருக்கலாம். அந்த நாட்களில் படித்துறையை மேலே மாற்றிக்கொண்டு, முனகாமல் கூடுதல் தூரம் நடந்த வயசான ஆச்சிமார்களுக்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் வெட்டுப்பட்ட கரை பச்சை மண்ணாக நின்றது. முதல் மழைக்கே அது கரைந்து இறங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுய உதவிக் குழுப் பெண்களும் சேர்ந்து தென்னை நார் வலையை விரித்து, முளைக்குச்சி அடித்து, வெட்டிவேரும் நொச்சியும் நட்டார்கள். இப்போது வேர் பிடித்துவிட்டது. ஓடைக்குள் அயிரையும் உளுவையும் பழையபடி மணலை ஒட்டித் திரிகின்றன.

மாநிலம் முழுக்கத் தரைப்பாலங்களை மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது, அடுத்து உங்கள் ஊராக இருக்கலாம். கண்ணாடிக் குழாய், மிச்சமிருக்கிற சணல் சாக்கு, நார் வலை எல்லாம் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொண்டு போகலாம். தினசரி அளவு எழுதிய நோட்டையும் காட்டுகிறோம். கழுவுகுழி வெட்டிக் காட்ட மேஸ்திரி அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி அனுப்புங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு சொன்னால் சாக்கு தைக்கக்கூட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓடைக்கரை ஊர்க்காரர்கள் சார்பாக,
தண்ணீர் பரிசோதிக்கும் ஐவரில் ஒருத்தி