பிரசவ அறை டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்

அன்புள்ள டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். தலைச்சன் பிரசவத்துக்கு நான் கிளம்பியபோது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். கட்டிலுக்குத் திரை இல்லை. பக்கத்துக் கட்டில் பெண் கத்தியதற்கு விழுந்த திட்டில் என் கைகால் சில்லிட்டது. அரை மணி நேரத்தில் வலி நின்றேபோனது. "சூட்டு வலிக்கெல்லாம் வந்துடறாங்க" என்றார்கள். அப்புறம் வலி வர டிரிப் ஏற்றினார்கள்.

அது சூட்டு வலி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த, அங்குள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவான ஆக்சிடோசின், அதாவது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோன், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் இறங்குகிறது. கருப்பை சுருங்கச் சுருங்கத் தலை அழுத்தும். அழுத்த அழுத்த ஆக்சிடோசின் கூடும். இதற்கு நடுவே பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அது கருப்பைத் தசையின் பீட்டா-2 ஏற்பிகளை (அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களை) தூண்டித் தசையைத் தளர்த்திவிடும். குறைமாத வலியை நிறுத்தப் போடும் டெர்பியூட்டலின் ஊசி வேலை செய்வதும் அதே இடத்தில்தானே? ஊசி செய்வதை ஒரு அதட்டலும் செய்துவிடும், டாக்டர்.

எங்கள் பாட்டி, மாடு கன்று போடும் நேரத்தில் பிள்ளைகளைத் தொழுவத்துப் பக்கமே விடமாட்டார். புது ஆள் கறக்கப்போனால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பார். பாலை இறக்குவது இதே ஆக்சிடோசின், மிரண்டால் அதைத் தடுப்பது இதே அட்ரினலின்.

நின்றுபோகும் எல்லா வலிக்கும் பயம்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. டிரிப் தேவைப்படும் தாய்மார்கள் உண்டு. பிள்ளை பிறந்ததும் நீங்கள் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி ரத்தப்போக்கிலிருந்து உயிரைக் காப்பாற்றுகிறது. அந்தக் கைகளுக்குக் கும்பிடு.

என் இரண்டாவது பிரசவத்தில் ஒரு சிஸ்டர் இடுப்பில் உள்ளங்கையை அழுத்தி, "மூச்சை விடு தாயி, இங்கேயேதான் இருக்கேன்" என்றார். அந்தச் சூடு இன்னும் முதுகில் இருக்கிறது. வலி ஒருமுறைகூட நிற்கவில்லை.

கட்டிலைச் சுற்றித் திரை, கூடவே ஒரு துணை. இரண்டையும், பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டமே சொல்கிறது. இரவுப் பணியில் ஆள் பற்றாது என்று தெரியும். சரி, அதற்காகத்தான் கேட்கிறேன்: அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுங்கள். நீங்கள் பிடிக்க நேரமில்லாத கையை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தாய்